பட்டறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே: பொறியியலும் பொறியியல் தொழில்நுட்பமும் இரு பட்டங்களான வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடப்பிரிவுப் பட்டியலை முதன்முறையாகப் பார்க்கும் இந்திய மாணவர் ஓரிடத்தில் தயங்கி நிற்பதுண்டு. 'இயந்திரப் பொறியியல்' என்று ஒரு நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. அதே வளாகத்தில் 'இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம்' என்று மற்றொரு நான்காண்டுப் பட்டமும் இருக்கிறது. இரண்டையும் முறையான தர ஏற்பு அமைப்பு ஒன்றே ஏற்றிருக்கிறது. கட்டணத்திலும் காலத்திலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. இந்தியாவில் பி.இ., பி.டெக். ஆகிய இரண்டும் நடைமுறையில் ஒன்றே என்று கேட்டு வளர்ந்த மாணவர் இவையும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிடுகிறார். ஆனால் அவை ஒன்றல்ல. அவற்றின் வேறுபாடு பாடத்திட்டத்தில் தொடங்கி, வரைபடத்தில் கையொப்பமிடும் சட்ட உரிமை வரை நீள்கிறது.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது, ஏன் இந்தியாவில் அதே பெயரில் வரவில்லை, வேறு எந்தப் பெயரில் இங்கே இருந்துவருகிறது என்னும் கேள்விகளுக்கு விடை தேடினால், தொழிற்கல்வி வரலாற்றின் ஒரு பழைய பூசல் வெளிப்படுகிறது. செய்பவருக்கும் கணக்கிடுபவருக்கும் இடையே நிகழ்ந்த பூசல் அது.

1. பட்டறைப் பண்பாடும் பள்ளிப் பண்பாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவில் பொறியாளராவதற்குக் கல்லூரி தேவைப்படவில்லை. கால்வாய் வெட்டும் பணியிலும் இருப்புப்பாதைப் பணியிலும் மூத்தவர் ஒருவரிடம் சேர்ந்து, சங்கிலி பிடித்து, மட்டம் பார்த்து, படிப்படியாக உயர்ந்தவர்களே பெரும்பான்மையினர். இயந்திரத் துறையில் அந்தப் பயிற்சி பட்டறையில் நடந்தது. 1802இல் தொடங்கிய வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கழகமும் 1824இல் தோன்றிய ரென்சிலேர் பயிலகமும் விதிவிலக்குகளாகவே இருந்தன.

1862இல் இயற்றப்பட்ட மாரில் சட்டம் இந்நிலையை மாற்றியது. வேளாண்மையும் இயந்திரக் கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நடுவணரசின் நிலம் வழங்கப்பட்டது. அதன்பின் பொறியியல் கல்லூரிகள் பெருகின. அவற்றில் கற்பிக்க வேண்டியது என்ன என்பதில்தான் கருத்து பிளவுபட்டது. வரலாற்றாசிரியர் மான்டி கால்வர்ட், 1830 முதல் 1910 வரையிலான அமெரிக்க இயந்திரப் பொறியாளர்களைப் பற்றி 1967இல் வெளியிட்ட நூலில், இப்பிளவைப் 'பட்டறைப் பண்பாடு', 'பள்ளிப் பண்பாடு' என்று இரண்டாக வகுத்துக் காட்டினார். உலைக்கூடத்தில் கைபழகாதவன் பொறியாளன் அல்லன் என்றது முதல் அணி. கணிதமும் அறிவியலும் அறியாதவன் வெறும் தொழிலாளி என்றது இரண்டாம் அணி.

இரண்டையும் இணைக்க முயன்ற கல்லூரிகளும் இருந்தன. வுஸ்டர் பயிலகத்தில் உண்மையான வணிகப் பட்டறை ஒன்று இயங்கியது. அங்கே உருவான பொருள்கள் சந்தையில் விற்கப்பட்டன. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் மாஸ்கோவின் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளி தன் பயிற்சி முறையைக் காட்சிக்கு வைத்தது. விக்டர் டெல்லா-வோஸ் வகுத்த அம்முறை, ஒவ்வொரு கருவியின் பயன்பாட்டையும் படிப்படியான பயிற்சிகளாகப் பிரித்துக் கற்பித்தது. அதைக் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரன்கிள் தம் நிறுவனத்திலும் அதைப் பின்பற்றினார். ஏறத்தாழ அடுத்த அரை நூற்றாண்டுக்கு அமெரிக்கப் பொறியியல் பட்டத்தில் வார்ப்படம், கடைசல், அளவைப்பணி, வரைபடம் ஆகியன முதன்மையான இடத்தைப் பெற்றிருந்தன. இன்று 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று வழங்கும் கல்வியின் பெரும்பகுதி அன்று 'பொறியியல்' என்றே வழங்கியது.

2. போரும் கிரிண்டர் அறிக்கையும்

பள்ளிப் பண்பாட்டுக்கு வலிமை சேர்த்தவர்களுள் ஐரோப்பாவிலிருந்து வந்த அறிஞர்கள் முக்கியமானவர்கள். 1922இல் அமெரிக்காவுக்கு வந்த ஸ்டீபன் டிமொஷென்கோவும், 1930இல் கலிபோர்னியாவில் குடியேறிய தியடோர் வான் கார்மனும் கணித அடிப்படையிலான விசையியலைப் பொறியியல் கல்வியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தனர். எனினும் பெரும் திருப்பம் இரண்டாம் உலகப் போரில்தான் ஏற்பட்டது. ராடார், அணுகுண்டு ஆகிய பெருந்திட்டங்களில் தலைமைப் பொறுப்புகள் பெரும்பாலும் இயற்பியலாளர்களிடம் சென்றன. கையேட்டுச் சூத்திரங்களையும் பட்டறை அனுபவத்தையும் கொண்டு புதிய மின்னணுவியலைக் கையாள முடியாது என்பதைப் பொறியியல் ஆசிரியர்கள் உணர்ந்தனர். 1945இல் வன்னிவர் புஷ் அளித்த அறிக்கையும், 1950இல் நிறுவப்பட்ட தேசிய அறிவியல் அறக்கட்டளையும், ஆராய்ச்சிக்கு நடுவணரசின் நிதி வரும் வழியைத் திறந்தன.

இச்சூழலில்தான் அமெரிக்கப் பொறியியல் கல்விக் கழகம் 1952இல் ஒரு குழுவை அமைத்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின்டன் கிரிண்டர் அதன் தலைவர். 1953இல் வெளியான முன்வரைவு, பொறியியல் கல்வியை இரு கிளைகளாகப் பிரிக்கலாம் என்றது. ஒன்று தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட 'பொது' வகை. மற்றொன்று ஆராய்ச்சியை நோக்கிய 'அறிவியல்' வகை. இப்பரிந்துரைக்குக் கல்லூரித் தலைவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. தம் கல்லூரி முதல் வகையில் சேர்க்கப்பட்டால் இரண்டாந்தரமாகக் கருதப்படும் என்ற அச்சமே அதன் அடிநாதம். 1955இல் வந்த இறுதி அறிக்கையில் அந்தப் பிரிவினை இல்லை.

பிரிவினை நீங்கினாலும் அறிவியல் நோக்கு நீங்கவில்லை. திடப்பொருள் விசையியல், பாய்ம விசையியல், வெப்ப இயக்கவியல், வெப்பம் முதலியவற்றின் கடத்தல் நெறிகள், மின் கோட்பாடுகள், பொருள்களின் இயல்பும் பண்பும் என ஆறு 'பொறியியல் அறிவியல்'களை எல்லாப் பொறியியல் பட்டங்களுக்கும் பொதுவான அடித்தளமாக அறிக்கை முன்வைத்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபின், இந்த மாற்றத்துக்கு எதிராகப் பேசுவோர் குறைந்தனர். பாடநேரம் வரம்புக்குட்பட்டது. புதிய கணிதமும் அறிவியலும் உள்ளே வர, எவையேனும் வெளியேற வேண்டியிருந்தது. வார்ப்படம் போயிற்று, அளவைப்பணி முகாம் சுருங்கியது, வரைபட வகுப்புகள் குறைந்தன.

3. வெளியேறியவை சென்று சேர்ந்த இடம்

தொழிற்சாலைகளுக்கு அந்தத் திறன்கள் தேவையாகவே இருந்தன. உற்பத்தி வரிசையை அமைப்பவர், சோதனைக்கூடத்தை நடத்துபவர், வடிவமைப்பை உருப்பொருளாக்குபவர் ஆகியோரை யார் பயிற்றுவிப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கான நிறுவன வடிவம் ஏற்கெனவே இருந்தது. 1920களில் வில்லியம் விக்கெண்டன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வின் தொடர்ச்சியாக, ஈராண்டுத் தொழில்நுட்பப் பயிலகங்களைப் பற்றிய தனி அறிக்கை ஒன்று 1931இல் வெளிவந்திருந்தது. பொறியியல் பட்டங்களுக்குத் தர ஏற்பு வழங்குவதற்கென 1932இல் உருவான பொறியாளர் தொழில்முறை வளர்ச்சிக் குழு, 1940களில் இத்தகைய பயிலகங்களின் படிப்புகளையும் மதிப்பிடத் தொடங்கியது. போரிலிருந்து திரும்பியோருக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த கல்வி உதவி அப்படிப்புகளுக்கு மாணவர்களைக் கொண்டுவந்தது.

1960களில் இந்த ஈராண்டுப் படிப்புகள் நான்காண்டுப் பட்டங்களாக வளர்ந்தன. 'பொறியியல் தொழில்நுட்ப இளநிலை' என்ற பட்டம் பரவியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அதற்குத் தனித் தர ஏற்பும் கிடைத்தது. பர்டியூ போன்ற பெரும் பல்கலைக்கழகங்கள், பொறியியல் கல்லூரி இருக்கும்போதே அதற்கு வெளியே தொழில்நுட்பப் பள்ளியைத் தனியாக நிறுவின.

இதில் ஒரு முரண் அடங்கியிருக்கிறது. 1953இல் கிரிண்டர் குழு முன்மொழிந்த இருகிளைப் பிரிவினையைக் கல்லூரித் தலைவர்கள் ஒன்றுகூடி நிராகரித்தனர். பதினைந்தே ஆண்டுகளுக்குள் அப்பிரிவினை வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது. குழுவின் திட்டப்படி இரண்டு கிளைகளுமே 'பொறியியல்' என்ற பெயரைத் தாங்கியிருக்கும்; இரு வகை மாணவர்களும் பொறியாளர்களாகவே வெளிவந்திருப்பார்கள். நடந்ததோ வேறு. பயிற்சி சார்ந்த கிளை பொறியியலின் எல்லைக்கு வெளியே தனிப்பெயருடன் வளர்ந்தது. தகுதி குறையும் என்று அஞ்சிய கல்லூரிகள் தப்பின. அந்தத் தகுதிக் குறைவைப் பின்னாளில் வந்த மாணவர்கள் சுமந்தனர்.

1980இல் அந்தத் தர ஏற்புக் குழு 'ஏபெட்' என்று பெயர் மாறியது. இன்றும் அதற்குள் பொறியியலுக்கு ஓர் ஆணையமும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு மற்றோர் ஆணையமும் தனித்தனியாக இயங்குகின்றன. ஆகவே 'ஏபெட் ஏற்பு பெற்றது' என்ற அறிவிப்பு மட்டும் போதுமானதன்று. எந்த ஆணையம் ஏற்றது என்பதே தீர்மானிக்கும் செய்தி.

4. கையொப்பமிடும் உரிமை

பெயர் வேறுபாட்டுக்கு இவ்வளவு எடை ஏற்பட்டதற்குக் காரணம் உரிமச் சட்டம். அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்தை முதலில் சட்டமாக்கியது வயோமிங் மாநிலம், ஆண்டு 1907. நீருரிமை கோரும் விண்ணப்பங்களுடன் இணைக்க வேண்டிய வரைபடங்களில் பயிற்சியற்ற பலரும் பொறியாளர் என்று கையொப்பமிட்டு வந்தனர். அதைத் தடுக்கவே அச்சட்டம் பிறந்தது. 1937 மார்ச் 18ஆம் நாள் டெக்சாசின் நியூ லண்டன் ஊரில், கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்துப் பள்ளிக் கட்டடம் தகர்ந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அவ்வாண்டிலேயே டெக்சாஸ் தன் பொறியாளர் சட்டத்தை இயற்றியது. பொதுமக்களின் உயிருக்குப் பொறுப்பேற்கும் வரைபடத்தில் யார் கையொப்பமிடலாம் என்பது இவ்வாறு மாநிலச் சட்டத்தின் கேள்வியாயிற்று.

உரிமம் பெறுவதற்குரிய நேர்வழி பொறியியல் ஆணையம் ஏற்ற பட்டம், அடிப்படைத் தேர்வு, சில ஆண்டு அனுபவம், தொழில்முறைத் தேர்வு என்ற வரிசையில் அமைந்தது. பொறியியல் தொழில்நுட்பப் பட்டதாரியின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில மாநிலங்கள் அவருக்கு வழி விடுகின்றன. ஆனால் கூடுதல் ஆண்டுகள் அனுபவம் கேட்கின்றன. வேறு சில மாநிலங்கள் வழியையே மூடிவைத்திருக்கின்றன. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது இச்சிக்கல் மீண்டும் எழுகிறது.

இங்கே ஒரு வரம்பையும் குறிப்பிட வேண்டும். தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றும் பொறியாளர்களுள் பெரும்பாலோருக்கு அமெரிக்காவில் உரிமம் தேவைப்படுவதில்லை. ஆகவே பாலமும் கட்டடமும் அமைக்கும் குடிசார் துறையில் இப்பிரிவினை கூர்மையாகவும், உற்பத்தி, மின்னணுவியல், மென்பொருள் ஆகிய துறைகளில் மழுங்கலாகவும் வெளிப்படுகிறது. வேலையளிப்போர் பலர் இரு பட்டதாரிகளையும் ஒரே பதவியில் அமர்த்துகின்றனர். தேசியப் பொறியியல் கழகம் 2017இல் பொறியியல் தொழில்நுட்பக் கல்வியைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இத்துறை பற்றிய அறிதல் பொதுவெளியில் மிகக் குறைவு என்பது அவ்வறிக்கையின் முக்கியக் கவலைகளுள் ஒன்று.

பின்னர் இப்பிரிவினை நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கைகளிலும் நிலைபெற்றது. பொறியாளர் பட்டங்களுக்கு 1989இல் வாஷிங்டன் உடன்படிக்கை, தொழில்நுட்பவியலாளருக்கு 2001இல் சிட்னி உடன்படிக்கை, டெக்னீஷியன்களுக்கு 2002இல் டப்ளின் உடன்படிக்கை என மூன்று அடுக்குகள் உருவாயின. சிக்கலான சிக்கல்களைத் தீர்ப்பவர் பொறியாளர். பரந்த வரையறைக்குட்பட்டவற்றைத் தீர்ப்பவர் தொழில்நுட்பவியலாளர். நன்கு வரையறுக்கப்பட்டவற்றைத் தீர்ப்பவர் டெக்னீஷியன் என்று அவை வகுக்கின்றன. ஏட்டில் தெளிவாக இருக்கும் இந்த வகைப்பாடு பணியிடத்தில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

5. ரூர்க்கியின் அடுக்குகள்

இந்தியாவில் இக்கதை வேறிடத்தில் தொடங்குகிறது. சென்னைக் கோட்டையில் 1794இல் தொடங்கிய அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆள் தேவைப்பட்டதால் 1847இல் ரூர்க்கிக் கல்லூரி பிறந்தது. சிப்பூரும் புனேயும் அடுத்துச் சேர்ந்தன. இவை யாவும் தொழிற்சாலைகளுக்காக அமைந்தவை அல்ல. அரசின் பொதுப்பணிகளுக்காக அமைந்தவை. எனவே கல்லூரியின் அமைப்பு துறையின் பதவிப் படிநிலையை அப்படியே பிரதிபலித்தது. ரூர்க்கியில் பொறியாளர் வகுப்பு, மேல்நிலைச் சார்பணியாளர் வகுப்பு, கீழ்நிலைச் சார்பணியாளர் வகுப்பு என மூன்று அடுக்குகள் இருந்தன. ஓவர்சியர்களும் துணை ஓவர்சியர்களும் பின்னிரு வகுப்புகளிலிருந்து வந்தனர். இனமும் இவ்வடுக்குகளைத் தீர்மானித்தது. உயர்பதவிகளுக்கு இங்கிலாந்திலிருந்தே ஆட்களை அனுப்புவதற்காகக் கூப்பர்ஸ் ஹில்லில் தனிக் கல்லூரியே நடத்தப்பட்டு, 1906இல்தான் அது மூடப்பட்டது.

கைவினைச் சமூகங்களின் நிலை இன்னும் கீழே இருந்தது. பாலம் கட்டவும் இரும்பு வார்க்கவும் தலைமுறைகளாக அறிந்திருந்த சமூகங்களுக்குத் 'தொழிற்பள்ளிகள்' ஒதுக்கப்பட்டன. பொறியியல் கல்லூரியோ எழுத்தறிவு மரபுடைய சாதியினரின் இடமாயிற்று. மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட 'தகுதியின் சாதி' என்ற ஆய்வுநூல், கையால் செய்யும் அறிவிலிருந்து பொறியியல் விலகி, மேல்சாதியினரின் மதிப்புமிக்க அறிவாக மாறிய இப்போக்கை விரிவாக ஆராய்கிறது. அமெரிக்காவில் பட்டறைக்கும் வகுப்பறைக்கும் இடையே நிகழ்ந்த பூசல் பெரும்பாலும் வர்க்கத்தின் மொழியில் நடந்தது. இந்தியாவில் அதனுடன் இனமும் சாதியும் சேர்ந்துகொண்டன.

சுதேசி இயக்கமும் இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. 1906இல் வங்காளத்தில் தேசியக் கல்விக் குழு தோன்றியபோது, பொதுக்கல்வியும் தொழிற்கல்வியும் ஒருங்கே வேண்டும் என்றனர் ஒரு சாரார். தொழிற்கல்வியே உடனடித் தேவை என்று கருதிய தாரக்நாத் பாலித் முதலியோர் தனிச் சங்கம் கண்டு வங்காளத் தொழில்நுட்பப் பயிலகத்தைத் தொடங்கினர். 1910இல் இரண்டும் இணைந்தன. அந்த மரபின் நீட்சியே 1955இல் உருவான ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். 1919இல் பனாரசில் தொடங்கிய பொறியியல் கல்லூரி, அரசுப் பணிக்குரிய குடிசார் பொறியியலைத் தாண்டி, தொழிற்சாலைக்குரிய இயந்திரப் பொறியியலையும் மின் பொறியியலையும் முன்னிறுத்தியது.

6. பி.இ.யும் பி.டெக்.கும்

இரு பட்டப்பெயர்கள் இங்கே தோன்றிய விதம் அமெரிக்கப் பிரிவினையோடு தொடர்பற்றது. பழைய பல்கலைக்கழகங்கள் குடிசார், இயந்திர, மின் துறைகளுக்குப் பி.இ. வழங்கின. வேதியியல், நெசவு, தோல் போன்ற பொருள் சார்ந்த துறைகள் 'தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் வளர்ந்தன. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறையும், 1944இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் சென்னையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியும் இதற்குச் சான்றுகள். வேறு சில பல்கலைக்கழகங்கள் பி.எஸ்சி. (பொறியியல்) என்றே பட்டம் வழங்கின. நளினி ரஞ்சன் சர்க்கார் குழுவின் பரிந்துரைப்படி 1951இல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் திறக்கப்பட்டது. அக்குழுவின் முன்மாதிரி மாசசூசெட்ஸ் கழகம். ஆகவே எல்லாத் துறைகளுக்கும் பி.டெக். என்ற பெயர் வந்தது. இன்று இரண்டுக்கும் ஒரே ஒழுங்குமுறை, ஒரே தர ஏற்பு, ஒரே வேலைத்தகுதி. பி.டெக். பயிற்சி சார்ந்தது, பி.இ. கோட்பாடு சார்ந்தது என்று சேர்க்கைக் காலங்களில் உலவும் விளக்கத்துக்கு வரலாற்றிலும் சட்டத்திலும் ஆதாரம் இல்லை.

உண்மையில் கிரிண்டர் அறிக்கையின் அறிவியல் நோக்கு இந்தியாவுக்குள் வந்ததே பி.டெக். வழியாகத்தான். 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகக் கான்பூர்க் கழகத்துக்கு உதவின. 1963இலேயே அங்கே ஐ.பி.எம். 1620 கணினி வந்துசேர்ந்தது. அடிப்படை அறிவியலும் பொறியியல் அறிவியலும் பாடத்திட்டத்தின் மையமாயின. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் தொடங்கிய சென்னைக் கழகத்தில் பட்டறைப் பயிற்சிக்கு இருந்த இடம் இதனின்று மாறுபட்டது. ஆகப் பெயரில் 'தொழில்நுட்பம்' தாங்கிய இந்தியப் பட்டம் அமெரிக்க வழக்கின்படி முழுமையான 'பொறியியல்' பட்டமே. 2014இல் இந்தியாவின் தேசிய தர ஏற்பு வாரியம் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிலையான உறுப்பானபோது இது முறைப்படி உறுதியாயிற்று. உடன்படிக்கையின் பயன் வாரியம் அதற்குரிய பிரிவில் ஏற்ற படிப்புகளுக்கு மட்டுமே உரியது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பெயரும் உள்ளடக்கமும் எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்பதற்குக் குரோம்பேட்டை ஓர் எடுத்துக்காட்டு. சி. ராஜம் 1949இல் அங்கே நிறுவிய சென்னைத் தொழில்நுட்பப் பயிலகம், அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்து வானூர்தி, தானூர்தி, மின்னணுவியல், கருவியியல் ஆகியவற்றைக் கற்பித்தது. அது அன்று வழங்கியது பட்டம் அன்று, டி.எம்.ஐ.டி. என்ற பட்டயம். திருச்சியில் இயற்பியல் பட்டம் பெற்றபின் அப்பட்டயத்தைப் பெற்றவர்களுள் ஒருவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டத்தை வழிநடத்தியவரின் பொறியியல் தகுதி ஏட்டளவில் ஒரு பட்டயமே.

7. இந்தியாவின் உண்மையான எல்லைக்கோடு

அப்படியானால் அமெரிக்காவில் பொறியியலுக்கும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கும் இடையே கிடக்கும் கோடு இந்தியாவில் எங்கே கிடக்கிறது? பட்டத்துக்கும் பாலிடெக்னிக் பட்டயத்துக்கும் இடையே. ரூர்க்கியின் பொறியாளர்–ஓவர்சியர் பிரிவு விடுதலைக்குப் பின் உதவிப் பொறியாளர்–இளநிலைப் பொறியாளர் பிரிவாகத் தொடர்ந்தது.

இதில் வழக்குகளும் மிகுந்தன. அவற்றுள் முக்கியமானது ஜம்மு–காஷ்மீர் அரசுக்கும் திரிலோகி நாத் கோசா முதலியோருக்கும் இடையே நடந்து, 1973இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த வழக்கு. உதவிப் பொறியாளர் பதவியில் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் ஒன்றாகவே பணிபுரிந்தனர். ஆனால் செயற்பொறியாளராகப் பதவி உயரும் வாய்ப்பைப் பட்டதாரிகளுக்கு மட்டுமே விதி அளித்தது. ஒரே பதவியில் ஒரே வேலை செய்பவர்களை மீண்டும் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றனர் பட்டயதாரிகள். கல்வித்தகுதி அடிப்படையிலான அப்பிரிவினை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதேவேளையில், இத்தகைய வகைப்பாடுகளை எல்லைமீறி நீட்டினால் சமத்துவமே தேய்ந்துவிடும் என்றும் எச்சரித்தது. பணியாளர் விதிகளில் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரிகளுக்கும் பதவி உயர்வு விகிதம் குறிக்கும் வழக்கம் பல மாநிலங்களில் தொடர்கிறது.

அமெரிக்காவில் பொறியாளரின் தகுதியை உரிமம் காக்கிறது. இந்தியாவில் வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பொறியாளருக்கு அவற்றையொத்த நாடு தழுவிய உரிமச் சட்டம் இயற்றப்படவில்லை. தேர்வும் அனுபவமும் கொண்டு தகுதியை அளக்கும் அமைப்பு இல்லாத இடத்தில் பட்டச் சான்றிதழே முழுச் சுமையையும் தாங்குகிறது. பட்டயத்துக்கு மேல் எப்படியாவது ஒரு பட்டம் பெற்றுவிட வேண்டும் என்ற துடிப்புக்கு இதுவே காரணம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பும், இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வும், பட்டயதாரிகள் அக்கோட்டைக் கடப்பதற்கு நெடுங்காலம் பயன்பட்ட பாலங்கள்.

8. தேர்வு செய்பவருக்கு வரலாறு சொல்வது

இவ்வரலாற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. இந்தியாவுக்குள் பி.இ.யா பி.டெக்.கா என்பது தேர்வே அன்று. கல்லூரி, ஆசிரியர், ஆய்வகம், துறை ஆகியவையே நோக்கத்தக்கன. அமெரிக்காவில் பொறியியலா பொறியியல் தொழில்நுட்பமா என்பது மெய்யான தேர்வு. முன்னது நுண்கணிதத்தையும் இயற்பியலையும் ஆழமாகக் கற்பித்து, அவற்றின்மேல் வடிவமைப்பைக் கட்டுகிறது. பின்னது கணிதத்தைப் பயன்பாட்டளவில் வைத்து, ஆய்வகத்துக்கும் செயலாக்கத்துக்கும் கூடுதல் நேரம் தருகிறது. கட்டமைப்பு வரைபடங்களில் கையொப்பமிட விரும்புபவரும், ஆராய்ச்சி நோக்கில் முனைவர் பட்டம் வரை செல்ல விரும்புபவரும் முன்னதைத் தேர்வதே நேர்வழி. உற்பத்தி, தானியங்கியல், சோதனை, களப்பணி ஆகியவற்றில் ஈடுபாடுடையவருக்குப் பின்னது தகுந்த கல்வி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடையில் மாறலாம் என்ற நம்பிக்கையில் சேர்வது இடர்ப்பாடானது. தொழில்நுட்பப் பிரிவின் கணிதப் பாடங்களைப் பொறியியல் பிரிவு பல இடங்களில் ஏற்பதில்லை. அதனால் ஓராண்டோ அதற்கு மேலோ இழக்க நேரலாம். இந்தியாவுக்குத் திரும்பி அரசுப் பணிக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்க எண்ணுபவர், அப்பட்டத்துக்கு இங்கே நிகர்த்தகுதி கிடைக்குமா என்பதைச் சேருமுன்னரே உறுதிசெய்துகொள்வது நலம்.

ஆனால் வரலாற்று மாணவருக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. கோடு கிழிக்கப்பட்ட தருணங்கள் மூன்றிலும், அதாவது ரூர்க்கியின் வகுப்புகளிலும், 1953ஆம் ஆண்டு முன்வரைவைச் சுற்றிய எதிர்ப்பிலும், 1973ஆம் ஆண்டு வழக்கிலும், வேலையின் தன்மையைவிட மதிப்பைப் பற்றிய கவலையே ஓங்கி ஒலித்தது. பாலத்தைத் தாங்குவதற்குக் கணக்கும் வேண்டும். கான்கிரீட்டைக் கிளறும் கையின் அனுபவமும் வேண்டும். 1990களின் இறுதியில் அமெரிக்கப் பொறியியல் கல்வியே தன் திசையைச் சற்றுத் திருப்பிக்கொண்டது. 'பொறியியல் அளவுகோல் 2000' என்ற தர ஏற்பு முறை, மாணவர் எவற்றைப் படித்தார் என்பதைவிட எவற்றைச் செய்ய வல்லவர் என்பதைக் கேட்டது. முதலாண்டிலேயே எதையேனும் வடிவமைத்து உருவாக்கும் பாடங்கள் திரும்பி வந்தன. 1955க்குப் பின் வெளியே அனுப்பப்பட்ட பட்டறை, 'உருவாக்கக் கூடம்' என்ற புதிய பெயருடன் பொறியியல் கல்லூரிக்குள் மீண்டும் இடம்பிடித்திருக்கிறது. வெளியே சென்ற கல்வியைத் தாங்கிநின்ற பட்டத்துக்கோ அதன் மதிப்பு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.